கை மாறிய மடிக்கணினி

பழைய பொருளை விலைக்கு வாங்குவதில் நம்மவர்க்கு ஒருவிதக் கூச்சம் உண்டு. பழைய வீட்டை வாங்குவோம்; பழைய வயலை வாங்குவோம்; பாட்டியின் நகையை அழித்துப் பேத்திக்குச் செய்து போடுவோம். ஆனால் பிறர் ஓட்டிய மிதிவண்டியோ, பிறர் தைத்த தையல் இயந்திரமோ வீட்டிற்குள் நுழையும்போது, அண்டை வீட்டார் பார்க்கிறார்களா என்று ஒரு முறை திரும்பிப் பார்த்துக்கொள்வோம். சென்னையில் சென்ட்ரல் நிலையத்தை அடுத்து மூர் மார்க்கெட் இருந்த காலத்தில், 1985-இல் அது தீக்கிரையாகும் வரை, அங்கே பழைய புத்தகம் வாங்கிப் படித்தே பட்டம் பெற்றவர்கள் எத்தனையோ பேர். அவர்களும் தம் பிள்ளைகளுக்குப் புதிய புத்தகமே வாங்கிக் கொடுத்தார்கள். இதைக் குற்றம் என்று சொல்ல மாட்டோம். தாம் பட்டதைப் பிள்ளை படக்கூடாது என்னும் பாசம் அது.

இந்தக் கூச்சத்தைப் பற்றி அண்மையில் நாம் சற்று ஆழ்ந்து எண்ணிப் பார்க்க நேர்ந்தது. 2022-இல் பழைய மடிக்கணினி ஒன்றை ஒன்பதாயிரம் ரூபாய்க்கு வாங்கி, இன்றுவரை அதனோடு குடித்தனம் நடத்தி வருகிறோம். (குருவானவருக்குக் குடித்தனம் ஏது என்று வாசகர் நகைக்க வேண்டா. மூன்று ஆண்டுகளுக்கு மேலாக ஒன்றோடொன்று பொறுத்துப் போவதற்கு வேறு பெயர் நமக்குத் தெரியவில்லை.)

பங்கு அலுவலகத்தில் மேசைக் கணினி ஒன்று உண்டு. கணக்கும் பதிவேடும் அதில் நடக்கின்றன. ஆயினும் நம் பொறுப்பில் கிளைக் கிராமங்கள் நான்கு. அங்கெல்லாம் மோட்டார் சைக்கிளில் சென்று, கூட்டம் நடத்தி, பெயர்களையும் வரவு செலவையும் காகிதத்தில் எழுதிக்கொண்டு வந்து, இரவில் உட்கார்ந்து மீண்டும் தட்டச்சு செய்வது இரட்டை வேலை. நண்பர் ஒருவர் முன்பு கொடுத்திருந்த பதினைந்து அங்குல மடிக்கணினி, சார்ஜரோடு சேர்ந்து மூன்று கிலோவை நெருங்கிற்று. ஐம்பதைக் கடந்த முதுகு அந்த மூன்று கிலோவைச் சுமந்துகொண்டு மண்சாலையில் குலுங்குவதற்கு மறுத்துவிட்டது. ஆதலால் எடை குறைந்த சிறிய பெட்டி ஒன்றைத் தேடத் தொடங்கினோம்.

கடைகளில் இருக்கும் புதிய மெல்லிய மடிக்கணினிகள் கண்ணைப் பறிப்பவை. 2008 சனவரியில் ஆப்பிள் நிறுவனத்தின் ஸ்டீவ் ஜாப்ஸ், அலுவலகங்களில் வழங்கும் பழுப்புக் காகித உறை ஒன்றிலிருந்து மேக்புக் ஏர் கணினியை உருவி எடுத்துக் காட்டினார். அன்றுமுதல் மெலிவே அழகு என்றாகிவிட்டது. பெண்பிள்ளைகளுக்கு நேர்ந்த கதி கணினிக்கும் நேர்ந்தது. மெலிவதற்கு ஒரு விலை உண்டு. மெல்லிய பெட்டிகள் பலவற்றில் ரேம் என்னும் நினைவகத்தைத் தாய்ப்பலகையோடு பற்றவைத்து விடுகிறார்கள். பின்னாளில் போதவில்லை என்றால் கூட்ட வழியில்லை. சிலவற்றில் பேட்டரியைப் பசையிட்டு ஒட்டியிருக்கிறார்கள். பேட்டரி என்பது தேயும் பொருள். வண்டிச் சக்கரத்தின் ரப்பரைப் போல. தேயும் பொருளை மாற்ற முடியாதபடி ஒட்டி விற்பது நமக்குச் சரியென்று படவில்லை.

எனவே நாம் தேர்ந்தது திங்க்பேட் எக்ஸ்220. திங்க்பேட் என்னும் மடிக்கணினி வரிசையை ஐ.பி.எம். நிறுவனம் 1992-இல் வெளியிட்டது. ரிச்சர்டு சாப்பர் என்னும் ஜெர்மானிய வடிவமைப்பாளர், ஜப்பானியரின் கறுப்பு உணவுப் பெட்டியை மனத்தில் கொண்டு அதற்கு உருவம் கொடுத்தார். மூடியிருந்தால் வெறும் கறுப்புப் பெட்டி. திறந்தால்தான் உள்ளே இருப்பது தெரியும். 2005-இல் ஐ.பி.எம். தன் கணினிப் பிரிவை லெனோவோ நிறுவனத்துக்கு விற்றது. எக்ஸ்220 வெளிவந்தது 2011-இல். திரை பன்னிரண்டரை அங்குலம். ஆறு செல் பேட்டரியோடு எடை ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ.

அந்த 2011-ஆம் ஆண்டு தமிழ்நாட்டுக் குடும்பங்களுக்கு நினைவிருக்கும். அவ்வாண்டு செப்டம்பரில்தான் அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. நம் பங்கிலும் அத்தகைய பெட்டிகள் சில, பேட்டரி செத்து, பரண்மேல் உறங்குகின்றன. நம் பெட்டி அவற்றின் ஒத்த வயதுப் பிள்ளை. அது இன்னும் உழைப்பதற்குக் காரணம் அற்புதம் ஒன்றுமில்லை. அதைத் திறக்க முடிகிறது. அதற்குப் பாகம் கிடைக்கிறது. பேட்டரி பின்புறத்தில் தாழ்ப்பாளைத் தள்ளினால் கையோடு வருகிறது. ஹார்டு டிஸ்க்கின் மூடிக்கு ஒரே ஒரு திருகாணி. ரேமுக்கு இரண்டு பொருத்துமிடங்கள். எந்தத் திருகாணியை எந்த வரிசையில் கழற்ற வேண்டும் என்று படம் போட்டு விளக்கும் பழுதுபார்ப்புக் கையேட்டை, நிறுவனமே எவரும் இலவசமாகப் பெறும்படி வெளியிட்டிருக்கிறது. பொருளை விற்றவன், வாங்கியவனைத் திறக்காதே என்று மிரட்டாமல், இப்படித் திற என்று சொல்லிக் கொடுப்பது மரியாதை.

சென்னைக்குச் சென்றிருந்த ஒரு நாளில், அண்ணா சாலையை அடுத்த ரிச்சி தெருவுக்குப் போனோம். பெரிய அலுவலகங்கள் மூன்று நான்கு ஆண்டுகள் பயன்படுத்திக் கழித்த மடிக்கணினிகள் மொத்தமாக வியாபாரிகளிடம் வருகின்றன. அவை அங்கே கடைகளில், பள்ளி நோட்டுப் புத்தகம்போல் அடுக்கியிருக்கின்றன. ஒரு கடையில் நம் விருப்பப் பெட்டி பத்தாயிரத்து ஐந்நூறு ரூபாய் என்றார் இளைஞர் ஒருவர்.

"பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும், தம்பி?"

"மூணு மணி நேரம் கண்டிப்பா நிக்கும், ஃபாதர்."

விண்டோசில் பேட்டரியைப் பற்றிய அறிக்கை ஒன்றைக் கேட்டுப் பெறும் கட்டளை உண்டு. புதிதாக இருந்தபோது எவ்வளவு மின்சாரம் கொண்டது, இன்று முழுதும் ஏற்றினால் எவ்வளவு கொள்கிறது என்னும் இரண்டு எண்களை அது மறைக்காமல் சொல்லிவிடும். அன்று நாம் கண்டது: பிறந்தபோது 63 வாட்-மணி, இன்று 21. இத்தகைய பெட்டி சாதாரண எழுத்து வேலையில் ஏறக்குறைய 10 வாட் உண்ணும். ஆக, இரண்டு மணி நேரமே. கணக்கைச் சொன்னதும் இளைஞர் சிரித்துவிட்டார். "நீங்க சாமியாரா, இன்ஜினியரா, ஃபாதர்?" என்று கேட்டுக்கொண்டே ஆயிரத்து ஐந்நூறைக் குறைத்தார். அவர்மேல் நமக்கு வருத்தமில்லை. நாளைக்கு நாற்பது பெட்டி விற்பவர் ஒவ்வொன்றின் நாடியையும் பிடித்துப் பார்த்துக்கொண்டிருக்க இயலாது. நாடி பார்ப்பது வாங்குபவன் வேலை.

வேறு சிலவும் பார்த்தோம். ஒவ்வோர் எழுத்து விசையையும் தட்டினோம். திரையை முழுக் கறுப்பாகவும் முழு வெண்மையாகவும் ஆக்கி, புள்ளியோ கறையோ உண்டா என்று நோக்கினோம். திரையைத் திறந்து மூடிக் கீல் தளர்ந்திருக்கிறதா என்று பார்த்தோம். காற்று வெளிவரும் துளையில் மூக்கை வைத்து மோந்து பார்த்தோம். (மழைநீர் புகுந்த கணினி, ஈரம் காய்ந்த பின்னும் மணத்தால் தன்னைக் காட்டிக் கொடுக்கும்.) ஹார்டு டிஸ்க் தான் மொத்தம் எத்தனை மணி நேரம் ஓடியது என்பதைத் தன்னிடமே குறித்து வைத்திருக்கும், அதையும் கேட்டறிந்தோம்.

இவற்றினும் முக்கியமானது ஒன்று. பெட்டியை இயக்கிய உடனே, விண்டோஸ் எழுமுன், பயாஸ் என்னும் அடிப்படை அமைப்புக்குள் செல்ல வேண்டும். அங்கே மேற்பார்வையாளர் கடவுச்சொல் கேட்டால், அந்தப் பெட்டியை அப்படியே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். இவ்வகைத் திங்க்பேட்டில் அந்தச் சொல் தனியொரு சில்லில் பதிந்திருக்கும். உள்ளிருக்கும் சிறு பொத்தான் பேட்டரியைக் கழற்றினாலும் அழியாது. தாய்ப்பலகையையே மாற்ற வேண்டியதுதான். முறைப்படி கை மாறிய பெட்டியில் அந்தப் பூட்டு திறந்திருக்கும். பூட்டியிருந்தால், பழைய உரிமையாளர் மறந்துபோனார் என்றும் இருக்கலாம். அவருக்குத் தெரியாமலே பெட்டி கை மாறியது என்றும் இருக்கலாம். இரசீது கொடுக்கத் தயங்கும் இடத்தில் எவ்வளவு மலிவானாலும் வாங்கலாகாது. நமக்கு மலிவாய்க் கிடைத்தது, எங்கோ ஒரு மாணவனின் கண்ணீராய் இருக்கக் கூடும்.

ஊர் திரும்பியபின் நடந்ததை வாசகர்களுக்குக் கட்டாயம் சொல்ல வேண்டும். பழைய ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு, விரைந்து இயங்கும் எஸ்.எஸ்.டி. ஒன்றைப் பொருத்துவதாக எண்ணம். கணினி படிக்கும் நம் பங்கு இளைஞர் ஒருவர் உதவ வந்தார். (இந்தப் பெட்டியில் 7 மில்லிமீட்டர் தடிப்புள்ள தட்டே நுழையும், 9.5 மில்லிமீட்டர் தட்டு வாங்கினால் நுழையாது. வாங்குவோர் கவனிக்க.) கழற்றிய பழைய டிஸ்க்கைச் சேமிப்புக்கு வைத்துக்கொள்ளலாமே என்று, அதன் நலத்தைச் சோதிக்கும் நிரல் ஒன்றை அவர் ஓட்டினார். கடைக்காரர் "எல்லாம் கிளீன் பண்ணியாச்சு" என்று சொல்லியிருந்தார். நிரலோ, அழிக்கப்பட்ட கோப்புகள் என்று பல்லாயிரம் பெயர்களை வரிசையாகக் காட்டியது. சிலவற்றின் சிறு படங்களும் தாமாகவே திரையில் விரிந்தன. ஒரு குழந்தையின் முதல் பிறந்தநாள். மருத்துவமனைப் படுக்கையில் ஒரு முதியவர். கடவுச்சீட்டின் நகல். சம்பளச் சீட்டுகள்.

"சாமி, போன் நம்பர்கூட இதுல இருக்கும். கூப்பிட்டுச் சொல்லிரலாமா?" என்றார் இளைஞர். நல்ல மனத்தோடு கேட்டார். நாம் சற்று நேரம் பேசாதிருந்தோம். அழைப்பதானால் முதலில் அவர்களுடைய தாள்களைத் திறந்து படிக்க வேண்டும். அழைத்தபின், முன்பின் அறியாத ஒருவர், "உங்கள் கடவுச்சீட்டும் உங்கள் தந்தையின் படமும் என்னிடம் இருக்கின்றன" என்று சொன்னால், கேட்பவர் நெஞ்சம் என்ன பாடுபடும்! பணம் பறிக்கும் கூட்டம் என்றே நினைப்பார். கேட்டதைக் கேளாதவர்போல் வைத்துக்கொள்ளும் பழக்கம் நம் பணியில் உண்டு. கண்டதற்கும் அதுவே முறை என்று தோன்றிற்று. "மூடிவிடு, தம்பி" என்றோம். டிஸ்க் முழுவதையும் தொடக்கம் முதல் கடைசிவரை சுழியங்களால் நிரப்பும்படி செய்தோம். ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. அந்த முதியவர் நலம் பெற்றாரா என்று இப்போதும் சில நேரம் நினைப்பதுண்டு.

கோப்பை அழிப்பது என்றால் என்ன என்பதை இல்லத்தினர் தெரிந்துகொள்வது நல்லது. ஞானஸ்நானப் பதிவேட்டின் பின்னே பெயர் வரிசை இருக்குமல்லவா? அந்தப் பெயர் வரிசைத் தாளை மட்டும் கிழித்துவிட்டால், குறிப்புகள் போய்விட்டனவா? இல்லை, தேடுவதுதான் கடினம். பழைய ஹார்டு டிஸ்க்கில் அழிப்பது பெரும்பாலும் இப்படிப்பட்டதே. அதே இடத்தில் வேறொன்றை எழுதும் வரை பழையது அங்கேயே இருக்கும். ஆகவே பழைய கணினியை விற்பதற்கு முன், டிஸ்க்கைக் கழற்றி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். இயலாவிடில் முழுதும் மேலெழுதி அழிக்கத் தெரிந்தவரிடம் அழித்துப் பெறுங்கள். கைப்பேசியாயின், அதன் அமைப்புகளிலேயே முழுவதையும் அழித்து முதல் நிலைக்குக் கொண்டுவரும் வழி இருக்கிறது. ஐந்நூறு ரூபாய்க்குக் கணினியை எடைக்குப் போடுகையில், குடும்பத்தின் ஆல்பத்தையும் சேர்த்துப் போடுகிறோம் என்பதை யாரும் நினைப்பதில்லை.

இனி, பெட்டிக்குள் என்ன ஓடுகிறது என்னும் கேள்வி. விண்டோஸ் 10-க்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிந்தது. 2021-இல் வந்த விண்டோஸ் 11-ஓ, இன்டெல் கணினிகளில் பெரும்பாலும் எட்டாம் தலைமுறைச் செயலி முதற்கொண்டே ஏற்கும். நம்முடையது இரண்டாம் தலைமுறை. நல்ல உடம்போடு இருக்கும் பணியாளரை வயதைக் காட்டி ஓய்வு பெறச் சொல்வதைப் போன்றது இது. பாதுகாப்புத் திருத்தம் வராத கணினியில் வங்கிக் கணக்கைத் திறப்பதும் அறிவுடைமை ஆகாது. அதனால் நாம் லினக்ஸ் பக்கம் சாய்ந்தோம். 1991-இல் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கியது அது. இன்று பல பெயர்களில், பல தொகுப்புகளாக, விலையின்றிக் கிடைக்கிறது. நாம் நிறுவியது டெபியன். 1993-இல் அதைத் தொடங்கிய இயன் மர்டாக், தமக்கு அன்பான டெப்ராவின் பெயரையும் தம் பெயரையும் சேர்த்து அதற்குப் பெயரிட்டார். அதன் பதிப்புகளுக்கு, டாய் ஸ்டோரி என்னும் சித்திரப் படத்துப் பாத்திரங்களின் பெயரைச் சூட்டுவது வழக்கம். இத்தனை விளையாட்டுப் புத்தி உள்ளவர்கள் செய்தது நம்பத் தகுந்ததாக இருக்குமா என்று முதலில் ஐயுற்றோம். இருக்கிறது.

லினக்சுக்கு வந்தபோது ஒரே ஓர் இடத்தில் திணறினோம், அது தமிழ். பங்கின் பழைய அறிக்கைகள் யாவும் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டவை. புதிய அமைப்பில் திறந்ததும், தமிழுக்குப் பதிலாக ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கொட்டிக் கிடந்தன. பாமினியில் தமிழ் வடிவங்களை ஆங்கில எழுத்துகளின் இருக்கையிலேயே உட்கார வைத்திருக்கிறார்கள். மெய்யெழுத்தின் புள்ளிக்கு அரைப்புள்ளியின் இருக்கை. எழுத்துரு இல்லாத கணினியில் வேடம் கலைந்துவிடும். யூனிகோடு முறையில் தமிழ் எழுத்துகளுக்கென்றே தனி எண்கள் உண்டு. தமிழக அரசும் 2010-இல் அதை ஏற்றுக்கொண்டது. பழைய கோப்புகளை மாற்றி நிரல் கொண்டு ஒவ்வொன்றாக யூனிகோடுக்குக் கொண்டுவர இரண்டு மாதங்கள் ஆயின. ஒன்று சொல்வோம்: பழைய பெட்டியை வாங்கியதால் வந்த வேலை அன்று இது. புதிய பெட்டி வாங்கியிருந்தாலும் என்றேனும் ஒரு நாள் செய்தே தீர வேண்டியதுதான்.

தட்டச்சுக்கு நாம் பழகியது தமிழ்99 விசைப்பலகை. உயிரெழுத்துகள் இடக்கையில், மெய்யெழுத்துகள் வலக்கையில். இரட்டைத் தகரத்தைத் தட்டினால் முன்னதற்குத் தானே புள்ளி வைத்துக்கொள்ளும். எக்ஸ்220-இன் விசைகளுக்கு இது மிகவும் பொருத்தம். ஏழு வரிசை கொண்ட பழைய பாணி விசைப்பலகை அது. அடுத்த ஆண்டு வந்த எக்ஸ்230-இல் ஆறு வரிசையாக்கித் தட்டையாக்கிவிட்டார்கள். ஒவ்வொரு விசையும் விரலுக்குக் கீழே இறங்கி எழுகிறது. குருமடத்தில் ரெமிங்டன் தட்டச்சுப்பொறியில் பழகிய விரல்கள் இவை. தட்டையான விசையில் தட்டினால் சுவரைத் தட்டுவது போலிருக்கிறது. திரையின் மேல் விளிம்பில் சிறு விளக்கு ஒன்று உண்டு. மின்தடை நேரும் இரவில் அது விசைப்பலகைமேல் வெளிச்சம் விழச் செய்கிறது. தேநீர் சிந்தினால் வடிந்து போவதற்கு அடியில் துளைகளும் வைத்திருக்கிறார்கள். அத்துளைகள் வழியே நம் ஊர்ச் சிற்றெறும்புகள் குடிபுகுந்ததை வடிவமைத்தவர்கள் எண்ணியிருக்க மாட்டார்கள்.

சென்ற ஆண்டு 'ந' எழுத்தின் விசை செத்துப் போயிற்று. தமிழில் நகரம் இன்றி நாலு சொல் எழுத முடியுமா? ஆயிரத்து இருநூறு ரூபாய்க்கு வேறு விசைப்பலகை தருவித்து, கையேட்டைப் பக்கத்தில் விரித்து வைத்து, திருப்புளி கொண்டு நாமே மாற்றினோம். கால் மணி நேர வேலை. மீண்டும் இயக்கி 'நன்றி' என்று தட்டியபோது உண்டான மகிழ்ச்சியை எவரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை, இங்கே சொல்லிவிட்டோம்.

பங்கு மண்டபத்துப் பழைய புரொஜெக்டருக்கும் இதற்கும் நல்ல உறவு. அந்தப் புரொஜெக்டர் நீலநிற வி.ஜி.ஏ. வடத்தை மட்டுமே அறியும். புதிய மெல்லிய கணினியோடு வரும் விருந்தினர்கள் இணைப்பிக்காக அங்குமிங்கும் ஓடும்போது, நம் பெட்டி தன் பக்கவாட்டில் அந்தத் துளையோடு அமைதியாக இருக்கும்.

குறை இல்லையா? உண்டு. கோடையில் காற்றாடி இரைகிறது. தூசியைத் தூரிகையால் தட்டிச் சுத்தம் செய்ய வேண்டும். இணையப் பக்கங்கள் பத்தைத் திறந்தால் பெருமூச்சு விடுகிறது. காணொளிக் கூட்டங்களில் நம் முகம் மேகத்துக்குள் இருப்பதுபோல் தெரிவதாகச் சொல்கிறார்கள். அதற்குக் கைப்பேசியைப் பயன்படுத்துகிறோம். பழைய பேட்டரி பதினெட்டு மாதங்களில் உப்பிவிட்டது. உப்பிய லித்தியம் பேட்டரியைக் குத்தவோ, அழுத்தவோ, குப்பையில் எறியவோ கூடாது, தீப்பற்றும். கழற்றி, எளிதில் தீப்பிடிக்கும் பொருள் எதுவும் அருகில் இல்லாத இடத்தில் வைத்திருந்து, மின்கழிவு பெறுவோரிடம் சேர்த்தோம். புதிய பேட்டரியையும் சேர்த்தால், இதுவரை நம் செலவு பதினைந்தாயிரத்தைத் தாண்டிவிட்டது. ஒன்பதாயிரத்தோடு முடிந்தது என்று எவரிடமும் நாம் பெருமை பேசுவதில்லை.

இப்படியிருக்க, சென்ற சூன் மாதம் நம் பங்கைச் சேர்ந்த கொத்தனார் ஒருவர், மனைவியோடும் மகளோடும் பங்கு இல்லத்திற்கு வந்தார். மகள் பி.காம். முதலாண்டில் சேர்ந்திருந்தாள். மடிக்கணினி வேண்டும் என்று கல்லூரியில் சொல்லிவிட்டார்களாம். கடையில் ஐம்பத்தைந்தாயிரம் ரூபாய்ப் பெட்டியைக் காட்டியிருந்தார்கள். தாயின் சங்கிலியை அடகு வைத்து முன்பணம். மீதி மாதத் தவணை. "எது நல்லதுன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னா வாங்கிருவோம், சாமி" என்றார் தந்தை.

மேசைமேல் நம் பெட்டி இருந்தது. இதன் விலையைச் சொன்னோம். பழையதிலும் நல்லது உண்டு என்றோம். தந்தையின் முகம் மலர்ந்தது. தாயின் முகம் மலரவில்லை. "நீங்க வச்சிருந்தா சரிதான், சாமி. எம் பிள்ளை பழசைத் தூக்கிட்டுப் போனா மத்த பிள்ளைக என்ன நினைக்கும்?" என்றாள்.

உடனே விடை சொல்ல நமக்கு வாய் எழவில்லை. அந்தத் தாய் சொன்னது உண்மை. நம் கையில் பழைய பெட்டி இருந்தால் எளிமை என்பார்கள். அவள் மகள் கையில் இருந்தால் ஏழ்மை என்பார்கள். பெட்டி ஒன்றே, பார்ப்பவர் கண் வேறு. எளிமை என்பது வேறொன்றை வாங்க வல்லவனுக்கே கிடைக்கும் பெயர். வசதியுள்ளவர் எழுதும் சிக்கனக் கட்டுரைகள் இதை மறந்துவிடுகின்றன.

வழி காட்டியவள் அந்தப் பிள்ளையே. அதுவரை பேசாதிருந்தவள், "சாமி, இதுல டாலி ஓடுமா?" என்று கேட்டாள். கணக்கு எழுதப் பயிலும் டாலி மென்பொருள் விண்டோசுக்கென்று செய்யப்பட்டது. லினக்ஸ் ஓடும் நம் பெட்டி அவளுக்கு உதவாது. ஆதலின் "ஓடாது, அம்மா. இது என் வேலைக்குப் போதும், உன் வேலைக்குப் போதாது" என்றோம். பிறகு நால்வருமாக உட்கார்ந்து, அவளுக்கு என்னென்ன தேவை என்று ஒரு தாளில் எழுதினோம். விண்டோஸ் 11 முறைப்படி ஏற்க வேண்டும். ஆகவே 2018-க்கு முந்திய பெட்டி வேண்டா. ரேம் 8 ஜி.பி.; பின்னால் கூட்ட இடம் இருக்க வேண்டும். பேருந்தில் இரண்டு மணி நேரப் பயணம். ஆகவே ஒன்றரைக் கிலோவுக்கு மேல் வேண்டா. எழுதிய கை அவளுடையது. திரை பதினாறு அங்குலமா என்னும் கேள்வியை அவளே அடித்துவிட்டாள்.

அடுத்த மாதம், அலுவலகம் ஒன்றிலிருந்து கழிந்து வந்த பெட்டி ஒன்றை, இரசீதோடும் ஆறு மாத உத்தரவாதத்தோடும் இருபத்தோராயிரத்துக்கு வாங்கினார்கள். பேட்டரியின் இரண்டு எண்களையும் கடையிலேயே அவள் கேட்டு வாங்கிப் பார்த்தாளாம். தந்தை சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார். மகளிர் குழுச் சேமிப்பிலிருந்து தாய் பணம் எடுத்துக் கொடுத்தாள். சங்கிலி அவள் கழுத்திலேயே இருக்கிறது.

திருவிழாக் கணக்கை டாலியில் ஏற்றிப் பார்ப்பதற்காகச் சில நாள்களுக்கு முன் அந்தப் பிள்ளை பெட்டியோடு வந்திருந்தாள். பெட்டியின் மூடியில் பழைய அலுவலகத்தின் ஒட்டுச்சீட்டைச் சுரண்டிய தடம் இருந்த இடம் தெரியவில்லை. தாய் தன் கையால் தைத்த புதுத் துணி உறை ஒன்று அதை மூடியிருந்தது. நீல நிறத்தில், ஓரத்தில் வெள்ளைப் பின்னல்.